இளைய பிராட்டியும் இளைய ராணியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, காலை வேலையை முடித்து, குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, ‘இந்த ஆள் எப்போது பேசி முடிப்பார், நமக்கு எப்போது பரிசு கிடைக்கும்’ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

ஒரு நல்ல நாவலைப் பற்றிப் பேசுங்கள் என்று சொன்னார்கள். நல்ல நாவல்கள் பல இருக்கின்றன. ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒன்றாகத் தெரிந்த நாவல் எது என்று யோசித்தேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’தான் நினைவுக்கு வந்தது. பாட்டி அதைப் படிக்கக் கேட்டிருப்பார். பேத்தி அதைப் படமாகப் பார்த்திருப்பாள். மணிரத்னம் இயக்கத்தில் 2022ஆம் ஆண்டில் ஒரு பாகமும் 2023ஆம் ஆண்டில் ஒரு பாகமுமாக அது வந்தது. திரிஷா குந்தவையாகவும் ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் நடித்தார்கள். படம் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான். “குந்தவை நல்லவங்க, நந்தினி கெட்டவங்க. அப்படித்தானே?”

அப்படித்தானா? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை கொஞ்சம். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஜொகூரில்தான். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ரயில் பாதை நெடுகிலும் பால்மரமாக நின்ற காலம் அது. அதில் ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வெட்டுக்குப் போனவர். அவரிடம் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த பக்கங்களை யாரோ கிழித்து, நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். கை மாறிக் கை மாறி வந்த புத்தகம். சாயங்காலம் சமையல் முடிந்ததும் அக்கா விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாத பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

இந்தக் கதை 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் மணியம் வரைந்த சித்திரங்களோடு தொடராக வந்தது. மூன்றரை ஆண்டு காலம்! கதை முடிந்த அதே 1954ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கி காலமானார். ஐந்து பாகங்கள். மூன்றாம் பாகத்துக்குப் பெயர் ‘கொலை வாள்’, ஐந்தாம் பாகத்துக்குப் பெயர் ‘தியாக சிகரம்’. கொலை வாளுக்கும் தியாகத்துக்கும் இடையில் மனிதர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதுதான் கதையே என்று சொல்லிவிடலாம்.

படிக்காதவர்களுக்காகக் கதையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாடு. சுந்தர சோழச் சக்கரவர்த்தி நோய்வாய்ப்பட்டு, நடக்க முடியாமல், தஞ்சைக் கோட்டையில் படுத்திருக்கிறார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஆதித்த கரிகாலன், நடுவில் குந்தவை, இளையவன் அருள்மொழி. நாட்டின் கஜானாவும் கோட்டைக் காவலும் பழுவேட்டரையர் சகோதரர்கள் கையில். பெரிய பழுவேட்டரையர் இருபத்து நான்கு போர்களில் அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட கிழச்சிங்கம். அந்தச் சிங்கம் வயதான காலத்தில் ஒரு பெண்ணை மணந்துகொள்கிறது. அவள்தான் நந்தினி.

இப்போது இந்த இரு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

குந்தவைக்குப் பட்டம் ‘இளைய பிராட்டி’. நந்தினிக்குப் பட்டம் ‘பழுவூர் இளைய ராணி’. ஒருத்தி பழையாறை அரண்மனையில் இருக்கிறாள். மற்றவள் தஞ்சை அரண்மனையில் இருக்கிறாள். இருவரும் பேரழகிகள். அழகை விடுங்கள், அறிவைப் பாருங்கள். கதையில் வாள் எடுத்துச் சண்டை போடும் ஆண்கள் ஏராளம். ஆனால் யார் எங்கே போக வேண்டும், எந்த ஓலை யாருக்குச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான். நம் வந்தியத்தேவனையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைக்கு வந்த அவனுக்குப் பனை இலச்சினை போட்ட மோதிரத்தைக் கொடுத்துத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறாள் நந்தினி. அதே வந்தியத்தேவனை, மூலிகை தேடப் போகிறவன் என்ற போர்வையில் கோடிக்கரை வழியாக இலங்கைக்கு அனுப்புகிறாள் குந்தவை. இரண்டு பேருமே ஆள் பார்த்து வேலை கொடுக்கத் தெரிந்தவர்கள். சூழ்ச்சி என்றால் இரண்டும் சூழ்ச்சிதான். அங்கே வித்தியாசம் இல்லை.

பிறகு எங்கே வித்தியாசம்?

அந்த அறிவு எதற்குப் பயன்பட்டது என்பதில் இருக்கிறது. குந்தவை போடும் திட்டமெல்லாம் நோயாளித் தகப்பனையும், இரண்டு சகோதரர்களையும், நாட்டையும் காப்பாற்றுவதற்கு. நந்தினி போடும் திட்டமெல்லாம் ஒரே ஒரு இரவை நோக்கி நடக்கிறது. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் உயிர் போகிற அந்த இரவு. அதற்காகவே அவள் கிழவரை மணந்தாள். அதற்காகவே மீன் சின்னம் போட்ட வாளைப் பூஜை அறையில் வைப்பதுபோல் வைத்துக் காத்தாள்.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் பிள்ளை சொன்னது சரிதான். குந்தவை நல்லவள், நந்தினி கெட்டவள். ஆனால் கல்கி அத்தோடு நிறுத்தவில்லை. நந்தினி ஏன் இப்படி ஆனாள் என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறார்.

நந்தினி பெற்றவள் யார் என்று தெரியாமல், ஓர் அர்ச்சகர் வீட்டில் வளர்ந்த பெண். ஆழ்வார்க்கடியான் அவளைத் தங்கையாகக் கருதி வளர்ந்தவன். சின்ன வயதில் பழையாறைக்கு வந்தாள். இளவரசன் கரிகாலனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அரண்மனைக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அந்தக் குடும்பத்தைப் பாண்டிய நாட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. ‘நீ எங்களுக்குச் சமமில்லை’ என்பதைச் சொல்லாமல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு பாண்டிய நாட்டில், காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனுக்கு அவள் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள். வாளோடு வந்து நிற்கிறான் கரிகாலன். உயிர்ப்பிச்சை கேட்டுக் காலில் விழுகிறாள். அவள் கண் முன்னாலேயே தலை விழுகிறது.

ஒரு பெண்ணுக்கு இரண்டு காயம். முதல் காயம் அவமானம். இரண்டாம் காயம் இழப்பு.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். அந்த முதல் காயத்தில் குந்தவைக்கும் பங்கு உண்டு. நந்தினியைப் பிடிக்காதவர்களில் அவளும் ஒருத்தி. பின்னால் ஒரு கட்டத்தில், நந்தினி தன் உடன்பிறந்தவளாகவே இருக்கலாம் என்று குந்தவை எண்ணும்படி நேர்கிறது. அந்த எண்ணம் தவறு என்று கதை முடிவில் தெரியும். ஆனால் அது மனதில் வந்தபோது குந்தவை எப்படித் துடித்தாள் என்பதுதான் முக்கியம். ‘சகோதரி என்று தெரிந்திருந்தால் இப்படி நடத்தியிருப்போமா’ என்று அவள் மனசு அவளைக் குத்துகிறது. நல்லவர்களும் தெரியாமல் ஒரு பிள்ளையை உடைத்துவிடலாம். அதையும் கல்கி மறைக்கவில்லை.

குந்தவைக்குக் காயமே இல்லையா? உண்டு. அவளுடைய அண்ணன் கொலையாகிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைச் சிறையில் அடைக்கிறார்கள். தங்கையின் ஆத்திரத்தில் அவள் ‘அவன் தலையைக் கொண்டா’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மை என்ன என்று பார்க்கிறாள். ஒருத்தி கண்ணெதிரே ஒரு தலை விழுந்தது. அதற்கு ஈடாக இன்னொரு தலையைத் தேடினாள். மற்றவள் அண்ணனையே இழந்தாள். இன்னொரு தலையைத் தேடவில்லை.

ஏன் இப்படி? குந்தவை தெய்வப் பிறவி, நந்தினி பிசாசுப் பிறவி என்பதாலா? அப்படி நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். காயம்பட்ட நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள்?

குந்தவைக்குப் பக்கத்தில் தகப்பன் இருந்தார், மனம் விட்டுப் பேசினார். வளர்த்த பாட்டியாகிய செம்பியன் மாதேவி இருந்தார். தோழி வானதி இருந்தாள். சொல் தட்டாத தம்பி இருந்தான். நந்தினியின் பக்கத்தில் யார்? தூக்கி வளர்த்த குடும்பத்தை விட்டு விலகிவிட்டாள். மணந்த கணவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தவன் இரவிதாசன். திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்டில் நள்ளிரவில் கூடும் சதிக் கூட்டத்தின் தலைவன். அவன் அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. அவள் கையில் வாளைக் கொடுத்தான். ‘உனக்கு அநியாயம் செய்தார்கள். வா, நாங்கள் இருக்கிறோம்’ என்றான். அநியாயம் நடந்தது என்று அவன் சொன்னது பொய்யா? இல்லை. அதனால்தான் அவன் பேச்சு எடுபட்டது.

மாணவச் செல்வங்களே, இரவிதாசன் கல்கியின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கோயில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களை அது சொல்கிறது. அவர்கள் சொத்து பறிமுதலானதையும் சொல்கிறது. நந்தினிதான் கற்பனை. இரவிதாசன் நிஜம். இதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். காலையில் அம்மாவோடு நிரைக்குப் போய்க் கட்டிப்பால் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு பஸ் ஏறுவேன். எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போகாது. இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். வகுப்பே சிரித்தது. எதிரே நின்ற ஆசிரியரும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் சில அண்ணன்மார் என்னைக் கூப்பிட்டார்கள். விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ! “தம்பி, யாருன்னு காட்டு. மத்தத நாங்க பார்த்துக்கிறோம்” என்றார்கள். எனக்கு டீயும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு முழுவதும் எனக்கு ஆதரவாகப் பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான். நாளைக்குக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சோறு இறங்கவில்லை. அம்மா பார்த்தார். “என்னடா, தட்டுல கோலம் போடறே?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். அம்மா விடவில்லை. விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். இருட்டில் சொல்லிவிட்டேன், அழுதுவிட்டேன். அப்பா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போலும். மறுநாள் அவர் பிரட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மலாயும் சந்தை மலாய்தான். பள்ளி அலுவலகத்தில் அவர் என்ன பேசினார் என்பதே எனக்குச் சரியாக நினைவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அதுதான் நினைவிருக்கிறது.

அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டானா என்றால், கேட்கவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. ஆனால் பஸ் நிற்கும் இடத்தில் அந்த அண்ணன்மார் கூப்பிட்டபோது நான் நிற்கவில்லை. எனக்கு அவர்கள் தேவைப்படவில்லை. அவ்வளவுதான்.

அவர்களோடு போன என் வயதுப் பையன்கள் உண்டு. அவர்களில் சிலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் ஒருவன். அவன் முடிவை இந்த நல்ல நாளில் நான் சொல்ல வேண்டாம்.

பெற்றோர்களே, காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்தை விட்டுப் பலர் பாசிர் கூடாங், மாசாய், ஸ்கூடாய் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். லயத்தில் ஒரு பிள்ளை முகம் வாடி வந்தால் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாது. இரவிதாசனும் மாறிவிட்டான். அவன் இப்போது பள்ளிப்படைக் காட்டில் நிற்பதில்லை. கடை வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறான், பிள்ளையின் கைப்பேசிக்குள்ளேயே நிற்கிறான். ‘உனக்கு நாங்க இருக்கோம்’ என்ற அதே வசனத்தைத்தான் சொல்கிறான். அவனுக்கு முன்னால் அந்த வார்த்தையை நாம் சொல்லியிருக்க வேண்டாமா?

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். “ஏன் சாப்பிடல?” என்று கேட்கத் தெரிந்தால் போதும். ஒரு தடவை கேட்டு விட்டுவிடாமல் இரண்டாம் தடவையும் கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நந்தினிமேல் இரக்கப்படுங்கள். ஆனால் அவளைப் போல் ஆகாதீர்கள். அவளுக்கு நடந்தது அநியாயம். அவள் செய்ததும் அநியாயம். முதலாவது இரண்டாவதை நியாயமாக்கிவிடாது. பழிவாங்கி அவள் எதைப் பெற்றாள்? கடம்பூரில் வாள் ஏந்திய அவள் கை கடைசி நேரத்தில் தடுமாறுகிறது. கரிகாலன் இறந்த பிறகு அவள் முகத்தில் வெற்றியின் சிரிப்பு இல்லை. பிறகு கதையை விட்டே மறைந்துபோகிறாள். நம்பி மணந்த கிழவரின் வாழ்வும் குலைந்து போகிறது.

குந்தவை என்ன ஆனாள்? அதற்கு நாவலை விட்டு வரலாற்றுக்கு வர வேண்டும். குந்தவை உண்மையில் வாழ்ந்தவர். தகப்பனார் சுந்தர சோழர் பெயரால் தஞ்சையில் ஆதுரசாலை, அதாவது மருத்துவமனை, நடக்க நிலம் கொடுத்தவர். திண்டிவனம் பக்கத்தில் தாதாபுரம் என்ற ஊரில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தவர். தம்பி அருள்மொழி 985ஆம் ஆண்டில் ராஜராஜ சோழனாகி, 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தபோது, அக்காள் கொடுத்த பொன்னும் நகையும் அந்தக் கோயில் கல்லிலேயே எழுதப்பட்டன. தம்பி மகன் ராஜேந்திரனை வளர்த்தவரும் அவரே என்பார்கள். அந்த ராஜேந்திரன்தான் 1025ஆம் ஆண்டு வாக்கில் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தை வென்றவன். கடாரம் என்றால் நம் நாட்டுக் கெடாதான்.

தகப்பன் நோயில் கிடந்ததைப் பார்த்த மகள், நாட்டு மக்களின் நோய்க்கு மருந்துசாலை வைத்தாள். பட்ட வேதனையை இப்படியும் செலவழிக்கலாம். அதை எடுத்துக்கொண்டு போய் வாளுக்குச் சாணை பிடிக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்த ஆண்டு உங்களில் பலர் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறீர்கள். அங்கே எல்லாரும் அன்பாக இருப்பார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். உங்கள் பேச்சைப் பார்த்து, ஊரைப் பார்த்து, அப்பா அம்மா செய்யும் வேலையைப் பார்த்து யாராவது சிரிக்கலாம். அன்றைக்கு வீட்டில் வந்து சொல்லுங்கள். வீட்டில் முடியாவிட்டால் இந்தப் பள்ளிக்கு வந்து உங்கள் பழைய ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்வது கோழைத்தனம் அல்ல. இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை இருந்தால், இடைவேளையில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். குந்தவை சின்ன வயதில் செய்யத் தவறியது அதுதான். அவள் தவறவிட்டதை நீங்கள் செய்யலாம்.

கடைசியாக, அந்தப் பழைய லயத்துக்கு ஒரு தரம் போய்விட்டு முடித்துக்கொள்கிறேன். நந்தினி மறைந்துபோகும் இடத்தை அக்கா படித்து முடித்த இரவு பெரிய வாக்குவாதம். “சண்டாளி, நல்லா வேணும்” என்றார்கள் சிலர். ஒரு மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவி, வாழ்நாளெல்லாம் பால் வாளி தூக்கியவர், மெதுவாகச் சொன்னார்: “அந்தப் புள்ள அழுதப்ப யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுத்திருந்தா, இம்புட்டுக் கதை ஏது?”

எழுத்தறியாத அந்தப் பாட்டி சொன்னதைவிட மேலாக எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பரிசு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு அதைவிட அதிகமான வாழ்த்துகள். இன்று வீட்டுக்குப் போனதும் அவர்களிடம் முதலில் பேசுங்கள்.